பாட்டியின் தூக்கமும் 120 ஹெர்ட்சும்

"சார், சத்தமே போடாத ஹார்ட் டிஸ்க் எது? சூடும் ஆகக்கூடாது."

உயர்நிலை மூன்றில் படிக்கும் மாணவர் ஒருவர் ஆய்வுக்கூடத்தில் என்னிடம் இப்படிக் கேட்டார். ஈசூனில் மூவறை வீடு. அவரும் பாட்டியும் ஒரே அறையில் படுக்கிறார்கள். அண்ணன் விட்டுச்சென்ற மேசைக் கணினியில் அவர் காணொளிகளைத் தொகுக்கிறார். இரவு பத்தரை மணிக்குமேல் அது 'ஊம்' என்று முனகிக்கொண்டே இருப்பதால் பாட்டிக்குத் தூக்கம் வருவதில்லையாம். தீபாவளிக்குக் கிடைத்த பணத்தில் புதிய வன்தட்டு வாங்குவது என்று அவர் முடிவே செய்துவிட்டார். எதை வாங்குவது என்பது மட்டும்தான் பாக்கி.

சனிக்கிழமை மாமாவுடன் சிம் லிம் ஸ்குவேருக்குப் போய் மூன்று கடைகளில் விசாரித்திருக்கிறார். மூன்று கடையிலும் மூன்று பதில். ஒரு கடையில் பெட்டியிலிருந்து எடுத்து ஓட்டியே காட்டினார்களாம். "ஒன்றுமே கேட்கவில்லை சார்!" என்றார்.

எப்படிக் கேட்கும்? தேக்காவிலிருந்து ரோச்சோர் பக்கம் நடந்து பாருங்கள். பேருந்துகள், கடைகளில் ஒலிக்கும் பாட்டு, நடைபாதைப் பேச்சு. கட்டடத்துக்குள் நுழைந்தால் குளிரூட்டியின் இரைச்சல், விற்பனைக்கு வைத்த ஒலிபெருக்கிகளின் அதிர்வு. பெரிய ஓசை சிறிய ஓசையை மூடிவிடும். அங்கே எல்லா வன்தட்டும் மௌனச் சாமியார்தான். அதன் உண்மைக் குணம் இரவு பதினோரு மணிக்கு உங்கள் படுக்கை அறையில்தான் தெரியும்.

நான் அவரிடம் சொன்னது, வாங்காதே, முதலில் அள என்பதுதான். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். கணினி இரைச்சலைக் குறைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் காசைத் தவறான பாகத்தில் கொட்டுகிறார்கள் என்பது என் கருத்து. எந்தப் பாகம் சத்தம் போடுகிறது என்று தெரியாமலேயே புதிய பாகம் வாங்குகிறோம். வயிற்றுவலிக்குக் கண்ணாடி மாற்றுவதுபோல.

கணினியில் சத்தம் போடக்கூடியவை சில பாகங்கள்தான்: செயலியின் விசிறி, மின்வழங்கியின் விசிறி, வரைகலை அட்டையின் விசிறி, வன்தட்டு. வன்தட்டு இரண்டு விதமாகச் சத்தம் போடும். தட்டுகள் சுழலும்போது வருவது இடைவிடாத முனகல். தரவைத் தேடிப் படிமுனை அங்கும் இங்கும் தாவும்போது வருவது 'கரகர' என்ற சத்தம். பாட்டியைப் படுத்தியது முதல் வகை.

இங்கே உங்கள் இயற்பியல் பாடம் கைகொடுக்கும். வேகமான வன்தட்டுகள் நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கின்றன. அதை 60 ஆல் வகுத்தால் விநாடிக்கு 120 சுற்று. ஆகவே அதன் முனகல் 120 ஹெர்ட்சில் இருக்கும். மெதுவான வகை நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். அது 90 ஹெர்ட்ஸ். ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்து வரைபடமாகக் காட்டும் இலவசச் செயலிகள் கைபேசிக்குக் கிடைக்கின்றன. கைபேசியைக் கணினியின் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள். 120இல் கூர்மையாக ஒரு கோடு எழுந்து நின்றால், ஆள் யார் என்று தெரிந்துவிடும். விசிறியின் ஓசை இப்படி ஒற்றைக் கோடாக நிற்காது. காற்றின் சீறலும் அதில் கலந்திருப்பதால் வரைபடத்தில் அகலமாகப் பரவிக் கிடக்கும்.

இந்தச் சோதனைக்குச் சிங்கப்பூர் வசதியான ஊர். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மின்மாற்றிகளின் உறுமல் அதைப்போல் இரு மடங்கு, அதாவது 100 ஹெர்ட்சில் வரும். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், உறுமல் 120. அங்கே உள்ள மாணவருக்கு வரைபடத்தில் தெரிவது மின்மாற்றியா வன்தட்டா என்ற குழப்பம் வரலாம். நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

இது பள்ளிக்கூட விளையாட்டு என்று நினைக்காதீர்கள். 2020ஆம் ஆண்டில் இதே முறையால் ஒரு பெரிய நிறுவனத்தையே பதில் சொல்ல வைத்தார்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் சில பெரிய கொள்ளளவு வன்தட்டுகளின் விவரக் குறிப்பில் '5400 ஆர்பிஎம் வகுப்பு' என்று இருந்தது. வாங்கியவர்கள் சிலர் அவற்றின் ஒலியைப் பதிவு செய்து பார்த்தார்கள். கோடு எழுந்தது 90இல் அல்ல, 120இல். தட்டு 7,200 சுற்றில் ஓடிக்கொண்டிருந்தது. 'வகுப்பு' என்ற சொல் செயல்திறனைத்தான் குறிக்கிறது, சுழலும் வேகத்தை அல்ல என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. அந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. '5400' என்று எண்ணைப் போட்டுவிட்டு அது எண் அல்ல என்பது நியாயமா? மெதுவாகச் சுழலும், அமைதியாக இருக்கும், சூடு குறையும் என்று நம்பித்தானே பலரும் அந்த எண்ணைத் தேடி வாங்குகிறார்கள்!

வேகம் ஏன் அவ்வளவு முக்கியம்? தட்டு சுழலும்போது உள்ளே இருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு சுழல்கிறது. அந்த இழுவையை வெல்லத் தேவைப்படும் திறன், வேகத்தின் மூன்றாம் படிக்கு ஏறக்குறைய நேர்விகிதத்தில் கூடும். 5,400ஐ 7,200 ஆல் வகுத்தால் 0.75. அதை மூன்று முறை பெருக்கினால் 0.42. வேகத்தைக் கால் பங்கு குறைத்தால், காற்றோடு மல்லுக்கட்டும் செலவு பாதிக்கும் கீழே இறங்குகிறது. சூடும் குறைகிறது, இரைச்சலும் குறைகிறது. அமைதி வேண்டுமா குளிர்ச்சி வேண்டுமா என்று நாம் தேர்ந்தெடுக்க வேண்டியதே இல்லை. இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன.

ஹீலியம் நிரப்பிய வன்தட்டுகள் வந்ததும் இதே காரணத்தால்தான். ஹீலியத்தின் அடர்த்தி காற்றின் அடர்த்தியில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. 2013இல் எச்ஜிஎஸ்டி நிறுவனம் ஹீலியம் அடைத்து மூடிய 6 டெராபைட் வன்தட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தரவு நிலையங்களுக்கு ஏற்ற பொருள் அது. படுக்கை அறைக்கு அவ்வளவு தேவையில்லை.

வேகத்துக்கு அடுத்தபடி தாங்கி. முன்பெல்லாம் சுழலும் அச்சைச் சிறு எஃகுக் குண்டுகள் தாங்கின. குண்டுகள் உரசி உருளும்போது ஒரு கீச்சொலி வரும், வயதாக ஆகக் கூடும். பிறகு குண்டுகளுக்குப் பதிலாக மெல்லிய எண்ணெய்ப் படலம் அச்சைத் தாங்கும் திரவத் தாங்கி வந்தது. உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. சீகேட் நிறுவனம் 2001இல் வெளியிட்ட பாரகூடா ஏடிஏ 4, இந்தத் தாங்கியோடு வந்து, 7,200 சுற்றிலும் இவ்வளவு அமைதியா என்று வியக்கவைத்தது. இப்போது கடையில் கிடைக்கும் வன்தட்டுகளில் திரவத் தாங்கிதான் வழக்கம். ஆகவே 'சைலண்ட்' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

சீகேட் என்றதும் நம் ஊர்க் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. அந்த நிறுவனம் 1982இல் சிங்கப்பூரில் உற்பத்தியைத் தொடங்கியது. அதன்பின் பல ஆண்டுகள் உலகின் முதன்மையான வன்தட்டு உற்பத்தி மையங்களில் ஒன்றாகச் சிங்கப்பூர் இருந்தது. அங் மோ கியோவில் இருந்த சீகேட் ஆலையை மூடப்போவதாக 2009இல் அறிவித்தார்கள். ஏறக்குறைய 2,000 பேரின் வேலை அதோடு போனது. ஆனால் வன்தட்டுக்குள் சுழலும் தட்டுகள் இன்றும் உட்லண்ட்சில் தயாராகின்றன. ஒன்நார்த்தில் 2015இல் திறந்த வடிவமைப்பு நிலையத்துக்கு, நிறுவனர் ஆலன் ஷுகார்ட்டின் நினைவாக 'தி ஷுகார்ட்' என்று பெயர். இதை வகுப்பில் சொன்னபோது அந்த மாணவர் வீட்டில் போய் விசாரித்திருக்கிறார். பாட்டியே இளவயதில் ஒரு வன்தட்டு ஆலையில், தலை முதல் கால்வரை வெள்ளை உடை போட்டு, இரவு வேலை பார்த்தவராம்! "இது மாதிரி ஆயிரக்கணக்குல பூட்டியிருக்கேன். அப்பல்லாம் தூக்கம் தூக்கமா வரும். இப்ப இது தூங்க விடமாட்டேங்குது" என்றாராம்.

இப்போது ஒரு கணக்கு. வன்தட்டின் விவரக் குறிப்பில் இரைச்சலைப் பெரும்பாலும் 'பெல்' அலகில் போடுவார்கள். 2.5 பெல் என்றால் 25 டெசிபல். (2.5ஐப் பார்த்துவிட்டு, 25 டெசிபல் என்று போட்டிருக்கும் இன்னொன்றைவிட இது பத்து மடங்கு அமைதி என்று நினைத்த மாணவர்களும் உண்டு.) ஒலித்திறனாக எழுதினால் அது ஒரு வாட்டில் ஏறத்தாழ 300 கோடியில் ஒரு பங்கு. அந்த வன்தட்டு எடுக்கும் மின்சாரமோ சுமார் 5 வாட். ஏறக்குறைய அத்தனையும் வெப்பமாகிறது. ஒலியாக வெளியேறுவது தூசுக்குச் சமம். அந்தத் தூசையும் பிடித்துவிடும் அளவுக்கு நம் காது கூர்மையானது.

அப்படியானால் அவ்வளவு சிறிய ஓசை பாட்டியை எப்படி எழுப்பியது? இசைக்கவையைத் தட்டிக் காற்றில் பிடித்தால் மெல்லத்தான் கேட்கும். அதன் அடியை மேசையில் ஊன்றினால் வகுப்பறை முழுக்கக் கேட்கும். வீணையின் குடம் செய்யும் வேலையும் அதுதான். வன்தட்டு தன் அதிர்வைத் திருகாணிகள் வழியாகக் கணினிப் பெட்டிக்குக் கொடுக்கிறது. பெட்டி மேசைக்குக் கொடுக்கிறது. மேசை சுவரோடு ஒட்டியிருந்தால் சுவருக்கும் போகிறது. கடைசியில் முனகுவது வன்தட்டு அல்ல, மேசைப் பலகை. ஆகவே வன்தட்டைத் தாங்கும் இடத்தில் ரப்பர் வளையங்கள், கணினிக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு, சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி. புதிய வன்தட்டைவிட இவை அதிகம் சாதிக்கும். பெட்டியைத் திறக்கும் முன் மின்சாரத்தை அணைத்து, செருகியையும் பிடுங்கிவிடுங்கள். வீட்டில் பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும்.

வன்தட்டை மீள்கயிற்றில் தொங்கவிடுபவர்களும் இருக்கிறார்கள். அதிர்வு நன்றாகவே குறையும். ஆனால் யாராவது கணினியை நகர்த்தினால் வன்தட்டு ஊஞ்சலாடும். தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் படிமுனை பறந்துகொண்டிருக்கும் பொருளை ஊஞ்சலில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. வன்தட்டு எவ்வளவு தொட்டாற்சிணுங்கி என்பதற்கு ஒரு சான்று: 2008 இறுதியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர் பிரெண்டன் கிரெக், தரவு நிலையத்தில் ஓடிக்கொண்டிருந்த வன்தட்டுகளின் முன் நின்று உரக்கக் கத்தினார். அவை பதில் தரும் நேரம் சட்டென்று கூடியது திரையில் தெரிந்தது. சத்தம் அவற்றுக்கும் ஆகாது.

நான் செய்த ஒரு வேலையைச் சொல்கிறேன். எனக்கு அப்போது பதினேழு வயது. அம்மா இரவு வேலைக்குப் போய்விட்டுப் பகலில் தூங்குவார். என் கணினி கூடத்தில் இருந்தது. கைமாறி வந்த பழைய வன்தட்டு ஒன்றை அதில் போட்டிருந்தேன், பயங்கரமான சத்தம். காலணிப் பெட்டியில் இருந்த பஞ்சுத் தாள்களால் அதை நான்கு பக்கமும் சுற்றி, ஒட்டுநாடா போட்டு உள்ளே திணித்தேன். அற்புதமான அமைதி! அம்மா நிம்மதியாகத் தூங்கினார். சில மாதங்களில் வன்தட்டு செத்தது. தாத்தாவுடன் நாங்கள் கொண்டாடிய கடைசிப் பொங்கலின் படங்கள் அதோடு போயின. வேறு பிரதி கிடையாது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

சூடு வன்தட்டைக் கொன்றது என்றுதான் பல ஆண்டுகளாக என் மாணவர்களுக்குச் சொல்லி வந்தேன். கதை கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது அறிவியல் அல்ல. 2007இல் கூகல் ஆய்வாளர்கள் மூவர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளின் பதிவுகளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். மிதமான வெப்பநிலையில், சூடு கூடக் கூடப் பழுதும் கூடும் என்ற தெளிவான தொடர்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. மிக அதிகச் சூட்டிலும், வயதான வன்தட்டுகளிலும்தான் அது தலைகாட்டியது. என் வன்தட்டு பழையது, அதற்கு எத்தனை வயது என்றே தெரியாது, அதன் வெப்பநிலையை நான் ஒருநாளும் அளக்கவில்லை. ஆய்வுக்கூட அறிக்கையில் நீங்கள் இப்படி எழுதினால் நான் மதிப்பெண் தருவேனா? பஞ்சு கொன்றிருக்கலாம், முதுமை கொன்றிருக்கலாம். எனக்குத் தெரிந்ததெல்லாம், பிரதி எடுக்காதது என் தவறு என்பதுதான்.

அதற்காகச் சூட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உற்பத்தியாளர்கள் வரம்பு போடுகிறார்கள். பல வன்தட்டுகளுக்கு அது 60 டிகிரி செல்சியஸ். வெளிநாட்டு மதிப்புரைகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். குளிர்நாட்டில் அறை 21 டிகிரியில் இருக்க, வன்தட்டு 34 டிகிரி காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு வேண்டிய எண் 34 அல்ல, இடையில் உள்ள 13. மதியம் 31 டிகிரியில் இருக்கும் உங்கள் அறையில் அதே வன்தட்டு 44ஐத் தொடும். பஞ்சு சுற்றினால் அந்தப் 13 எங்கே போய் நிற்கும்? வன்தட்டுக்குள்ளேயே வெப்பமானி இருக்கிறது, இலவச மென்பொருளில் அதைப் படிக்கலாம். 40களின் நடுவில் இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். 50ஐத் தாண்டினால் காற்றோட்டத்தைச் சரிசெய்வேன். வேகமான சிறிய விசிறி வேண்டாம். பெரிய விசிறியை மெதுவாக ஓட்டுங்கள். விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அதன் இரைச்சல் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும்.

அளவுக்கு மீறிக் குளிரவைப்பது வீண் என்பதைப் பெரிய இடங்களும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. வெப்பமண்டலத் தரவு நிலையங்களை 26 டிகிரியிலும் அதற்கு மேலும் இயக்குவதற்கான தர வழிகாட்டியைத் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் 2023இல் அறிமுகம் செய்தது. ஒரு டிகிரி உயர்த்தினாலே குளிரூட்டும் மின்சாரத்தில் 2 முதல் 5 விழுக்காடுவரை மிச்சமாகும்.

"இவ்வளவு ஏன் சார், எஸ்எஸ்டி வாங்கினால் முடிந்ததே?" என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. சரிதான். அதில் சுழலும் பாகமே கிடையாது. கணினியின் இயங்குதளத்துக்கும் அன்றாட வேலைக்கும் அதையே வாங்குங்கள், மறுபேச்சு இல்லை. (ஆனால் சத்தமில்லாதது சூடாகாது என்று நினைக்க வேண்டாம். பெரிய கோப்புகளைத் தொடர்ந்து எழுதும்போது வேகமான எஸ்எஸ்டி நன்றாகவே சூடேறும்.) காணொளிகளையும் குடும்பப் படங்களையும் டெராபைட் கணக்கில் சேர்த்துவைக்க, வன்தட்டுதான் இன்னும் மலிவு. அதற்கு 5,400 சுற்று போதும், உண்மையான 5,400. வேகம் தேவைப்படாத வேலைக்கு வேகத்தை வாங்கி, அதன் இரைச்சலையும் சூட்டையும் கூடவே ஏன் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்?

கடைகளிடமும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. குளிர்பதனப் பெட்டியும் குளிரூட்டியும் மின்சாரத்தை எவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்துகின்றன என்பதை ஒட்டுத்தாளில் உள்ள சரிக்குறிகளை எண்ணியே தெரிந்துகொள்கிறோம். 2008 முதல் அது கட்டாயம். வன்தட்டுப் பெட்டியின் மேல் சுழலும் வேகம், ஓய்வில் எடுக்கும் வாட், இரைச்சல் என்று மூன்று எண்களை அச்சிடுவதில் என்ன சிரமம்? அது வரும்வரை, வாங்கும் முன் விவரக் குறிப்பைத் தேடிப் படியுங்கள். ஒரே ஓர் எண்ணைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் வாட்டைப் பாருங்கள். பெயரில் விளையாடலாம், 'வகுப்பு' என்று சொல்லித் தப்பிக்கலாம். எடுக்கும் மின்சாரத்தை மறைப்பது கடினம்.

அந்த மாணவர் அடுத்த வாரம் வரைபடத்தோடு வந்தார். 120இல் நெட்டுக்குத்தாக ஒரு கோடு. அதே இரவு கணினியை மேசையிலிருந்து இறக்கி, அம்மாவின் பழைய யோகா விரிப்பை நான்காக மடித்து அதன்மேல் வைத்துவிட்டு மறுபடி அளந்திருக்கிறார். கோடு பாதி உயரத்துக்கும் கீழே போயிருந்தது. தீபாவளிப் பணத்தில் ஒரு பகுதிக்கு மட்டும் மெதுவாகச் சுழலும் வெளி வன்தட்டு ஒன்று வாங்கினார், படங்களின் இரண்டாவது பிரதிக்காக. இரவில் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறார்.

பாட்டி தூங்குகிறாரா என்று கேட்டேன்.

"தூங்குகிறார் சார். ஆனால் இப்போது கூரை விசிறி சத்தம் போடுகிறது என்கிறார். அளந்து பார்க்கச் சொல்கிறார்."